துவைத்த கோடித் துணி

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்டு எழுதிய வெள்ளைப் பொதி இந்த வண்டியில் வரவில்லை. அடுத்த வண்டியிலும் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ என் நலத்தைப் படிக்காமல், பொதி எங்கே என்று வரிக்கு வரி தேடிக்கொண்டிருப்பாய். நலத்தைப் பற்றிச் சொல்லவும் அதிகம் இல்லை. கண் மங்குகிறது, நாலு வரி எழுதினால் கை சோர்ந்து போகிறது. எழுதி மூடி வைத்து, காலையில் மறுபடி எடுத்து எழுதுகிறேன். விரல் நுனிகள்கூட மரத்துவிட்டன. துணியை முன்போல் தடவிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கன்னத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். கடைப்பையன்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. இருக்கட்டும்.

உன் கடை இருக்கும் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் காய்ச்சல் பரவுகிறது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சாவு விழுகிறது, கோடித் துணிக்கு ஆள் மேல் ஆள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போன மாதம் கொழும்பில் புறக்கோட்டையில் நீ மலிவாக வாங்கி, இங்கே பதுளைக் கடையின் உள்ளறையில் இறக்கி வைத்துவிட்டுப் போன பொதியை உடனே அனுப்பச் சொன்னாய். அவசரத்தில் வருகிறவர்கள் துணியைப் புரட்டிப் பார்ப்பதில்லை, கனமாக இருந்தால் போதும் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கெட்டவன் அல்ல. உன் அப்பாவும் கெட்டவர் அல்ல. ஆனால் அந்த வரி அப்படியே அவருடைய வாயிலிருந்து வந்தது போல் இருந்தது. அதனால்தான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் துணியைப் பற்றி. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேட்டுக்கொள். கண்டியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி, ஊசியைக் கையில் கொடுக்குமுன் ஒரு வாரம் நூல்களை எரிக்கத்தான் வைத்தார். பருத்தி நூல் சட்டென்று பற்றும், காகிதம் எரிவதுபோல் மணக்கும், சாம்பல் ஊதினால் பறந்துவிடும். பட்டும் கம்பளியும் தலைமயிர் கருகுவதுபோல் நாறும், நெருப்பை எடுத்ததும் தாமாக அணையும், கரியாக உருளும். அன்று அது விளையாட்டாக இருந்தது. பிற்பாடு இந்த மலைநாட்டில் குடும்பம் நடத்தியபோதுதான் அதன் பயன் தெரிந்தது. லயத்தில் குளிருக்கு அடுப்பை ஒட்டிப் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறார்கள். மெத்தென்று இருக்கிறதே என்று நீ விற்கிற பிளானலெட் சட்டை வெறும் பருத்தி. மேலே சுரண்டி மயிர்போல எழுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு பொறி பட்டால் அந்த மயிர் வழியே தீ ஓடிவிடும். அடுப்பருகே கிடக்கும் பிள்ளைக்குக் கம்பளியை எடுக்கச் சொல். வாங்க முடியாதவர்களிடம் அடுப்பிலிருந்து தள்ளிப் படுக்க வைக்கவாவது சொல்.

கம்பளிக்கும் தன் குணம் உண்டு, அது எனக்கே பாடம் சொல்லியிருக்கிறது. நீ சிறுவனாக இருந்தபோது பண்டாரவளை மாமா உனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்தார். நீ அதில் மோரைக் கொட்டிவிட்டாய். நானோ சுத்தத்தில் பிடிவாதக்காரி. வேட்டியைப் போலவே அதையும் கொதிநீரில் போட்டு, சவுக்காரம் தேய்த்து, கல்லில் அடித்தேன். காய்ந்தபோது அது உன் தங்கையின் பொம்மைக்குச் சரியாக இருந்தது. எரித்து மணம் பார்க்கத் தெரிந்தவளுக்குத் துவைக்கத் தெரியவில்லை. நீ அழுதாய், உன் அப்பா ஒரு மாதம் சிரித்தார். பருத்தி அடியைத் தாங்கும், நனைந்தால் இன்னும் உறுதியாகும், அதனால்தான் கல்லில் அடிக்க முடிகிறது. கம்பளி சூட்டையும் அடியையும் தாங்காது. பட்டு வெயிலையும் வியர்வையையும் தாங்காது. என் கூறைச் சேலை அக்குள் படும் இடத்தில் இற்றுப்போனது அப்படித்தான். ஒவ்வொன்றும் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சொல்லி விற்பதுதான் துணிக்கடைக்காரன் வேலை. மற்றதெல்லாம் அளந்து கிழிப்பது. அதற்குக் கத்தரிக்கோல் போதும்.

இப்போது நீ வாங்கிய பொதிக்கு வருகிறேன். அதே மாதிரிப் பொதியை உன் அப்பாவும் வாங்கிக்கொண்டிருந்தார். தறியில் நூலை இடைவெளிவிட்டு நெய்து, அந்த இடைவெளியைக் கஞ்சியாலும் வெள்ளைக் களிமண்ணாலும் நிரப்பி, அழுத்தித் தேய்த்து அனுப்புகிறார்கள். கையில் எடுத்தால் கனம், பார்த்தால் பளபளப்பு, தடவினால் வழுவழுப்பு. இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே கசக்கினால் மாவு உதிரும். இந்த ஊர் ஈரத்தில் கொஞ்ச நாள் கிடந்தால் பூஞ்சை மணம் அடிக்கும், கரப்பான் கஞ்சியைத் தின்ன வரும். ஒரு தண்ணீர் பட்டால் மண் போய்விடும், நூல் மட்டும் மிஞ்சும். அந்தத் துணியை உன் அப்பா வேட்டிக்கோ சேலைக்கோ விற்றதில்லை, அந்த அளவுக்கு மனச்சாட்சி உள்ளவர். கோடிக்கு மட்டும்தான். நான் ஒருநாள் மாவை அவர் உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினேன். அவர் ஊதிவிட்டுச் சிரித்தார். "போனவன் எந்திரிச்சு வந்து தொவைக்கவா போறான்?" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தண்ணீர் படாத புதுத்துணிதானே கோடி, அது எரிவதற்கும் புதைவதற்கும் போவது, அதில் என்ன மோசம் என்றுதான் தோன்றியது. இன்னொரு கோடி இருக்கிறது, அதை உயிரோடு இருப்பவள் உடுத்துகிறாள் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது உனக்கு மீசை அரும்பிய வயது. கடையைச் சாத்திவிட்டோம். என் தாலியைக் கழற்றி வாங்கும் சடங்கன்று பிறந்த வீட்டுக் கோடியோடு வரவேண்டியவர் உன் மாமா. ஹாலிஎலவுக்கு அப்பால் மண் சரிந்து வழி அடைபட்டதால் அவர் கொண்டுவந்த மூட்டை வண்டியோடு அங்கேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் நடந்து வந்து சேர்ந்தார். பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. வேறு கடை திறக்கவில்லை. நம் கடையில் துணி கிழிக்கும் முத்தையாவைக் கூப்பிட்டு, பின்கதவைத் திறந்து ஒரு கோடி எடுத்து வா என்றார். முத்தையாவும் எடுத்து வந்தான். யாருக்கு என்று அவன் யோசிக்கவில்லை. கோடி என்றால் எந்தப் பொதி என்று அவன் கைக்குப் பழகியிருந்தது.

நீ ஆண்களோடு மேட்டில் பாலத்துக்கு அப்பால் நின்றாய். பெண்கள் என்னைப் பதுளு ஓயா ஆற்றுத் துறைக்கு அழைத்துப்போனார்கள். தாலி அறுத்தவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு அறுத்தவள்தான் என்பது நம் வழக்கம். என் மாமியார் நம் சொந்த ஊரில் இருந்தார், இங்கே நம் வீட்டில் அப்படி ஒருத்தியும் இல்லை. அதனால் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியாயி என்று ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தார்கள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா கொடுத்த கோடியை எனக்கு உடுத்திவிட்டு, அவள் முதல் குடத்தைத் தலையில் ஊற்றினாள். என் காலடியில் தண்ணீர் அரிசி கழுவியதுபோல் வெள்ளையாக ஓடியது. இரண்டாவது குடத்தில் என் உடம்பில் கொசுவலைதான் இருந்தது. அதுவும் ஒட்டிக்கொண்டு. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். நான் தலை நிமிர்ந்தே வளர்ந்தவள், உனக்குத் தெரியும். கையை எங்கே வைப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா போன துக்கத்தைக்கூட அந்த நேரத்தில் நான் மறந்தேன். அதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாரியாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குமா அம்மா இந்தத் துணி?" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "எங்களுக்குத்தான் இதுன்னு நெனச்சோம். பெரிய வீட்டுக்கு வேற பொதி இருக்கும்னு" என்று சொல்லிக்கொண்டே, பாறைமேல் மடித்து வைத்திருந்த தன் கறுப்புக் கம்பளியை எடுத்து வந்து என்னைச் சுற்றிக் கட்டினாள். மழையில் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி அது. புகையும் தேயிலைக் கறையும் ஆட்டு மணமுமாக இருந்தது. "அசையாதீங்க. இது நனைஞ்சாலும் ஒட்டாது" என்றாள். பிறகு அதன் மேலேயே மிச்சத் தண்ணீரை ஊற்றினாள். ஒட்டவில்லை. நனைந்தும் சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முத்தையாவைக் கூப்பிட்டேன். அவன் என் காலைப் பார்த்துக்கொண்டு, "கோடின்னு சொன்னாங்க, கோடிப் பொதியில கிழிச்சேன்" என்றான். அவன் மேல் என்ன பிழை? இத்தனை வருடம் நாம் சொன்னதைத்தான் செய்தான். மாரியாயியின் கம்பளியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்தித் திருப்பி அனுப்பினேன். உன் சட்டை கற்றுக்கொடுத்த பாடம். சில மாதம் கழித்து மகளுக்குச் சேலை எடுக்க அவளே கடைக்கு வந்தாள். நான் விரித்துக் காட்டியதை ஓரத்தில் பிடித்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "இது தண்ணி தாங்குமாம்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய், அந்தத் துணியில் கையகலம் கிழித்து, செம்புத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நம் பதுளைக் கடையில் ஒவ்வொரு துணிச்சுருளின் பக்கத்திலும் துவைத்த ஒரு துண்டு தொங்குகிறதே, அது எப்படி வந்தது என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் மடத்தில் கற்றது என்று சொன்னேன். மடத்தில் கற்றது அல்ல. இதுதான் காரணம். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்பாவைக் குறைத்துச் சொல்வதாக ஆகுமோ என்றும், அம்மாவை அந்த நிலையில் நீ மனதில் பார்க்கக்கூடாது என்றும் நினைத்தேன். இப்போது வயதாகிவிட்டது. எந்த உடம்பு என்ன நிலையில் நின்றால் என்ன? உன் கடைக்குக் கோடி கேட்டு வருகிறவர்களில் செத்தவனுக்கு வாங்குகிறவன் ஒருவன் என்றால், அறுத்தவளுக்கு வாங்குகிற அண்ணனும் ஒருவன் இருக்கிறான். அவள் லயத்துப் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் தலைமுழுகுவாள். அப்போது உன் துணி அவள் உடம்பில் இருக்கும். நீ அங்கே இருக்கமாட்டாய், ஆண்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால்தான் கடைக்காரர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

உன் கடிதம் வந்த அன்றே பொதியைப் பிரிக்கச் சொன்னேன். உன்மேல் எனக்கு வந்த சந்தேகம் பொய்யாகிவிடாதா என்றுதான் பிரித்தேன். முத்தையா இப்போது கிழவன், ஆனாலும் அவனைத்தான் கிழிக்கச் சொன்னேன். நல்ல பருத்தி கிழியும்போது வீரிட்டுக்கொண்டு கிழியும். இது மந்தமாக முனகிக்கொண்டு கிழிந்தது. அவன் முழங்கைவரை மாவு படிந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மறுநாள் டோபியையும் அவன் மனைவியையும் வரவழைத்து, பொதி முழுவதையும் ஓயாவுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்தேன். ஒரு சுருள் விடாமல் ஊறவைத்து, அலசி, பிழிந்து, பாறையிலும் புல்லிலும் விரித்தார்கள். அன்று காலை முழுவதும் ஓயா வெள்ளையாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு வலு இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து வந்திருந்தால் டோபி மிச்சத்தை நனைக்காமலே கட்டித் திருப்பிக் கொடுத்திருப்பான்.

பக்கத்துக் கடை முஸ்லிம் நானா பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, ஓயாவுக்கே கொசுவலை கட்டுறீங்களா?" என்று கேட்டார். "ஆமாம் நானா, உங்க கடைப் பொதியையும் அனுப்புங்க, அக்கரைக்கும் கட்டிடலாம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் சாயங்காலம் அவருடைய கடையில் ஒருவன் துணியைச் செம்பில் நனைத்துக்கொண்டிருந்ததாக முத்தையா வந்து சொன்னான்.

உனக்குக் கோபம் வரும். நட்டத்தை என் பேரில் எழுதிக்கொள். தண்ணீர் பட்டுவிட்டதால் அது இனிக் கோடி ஆகாது. நீயே நினைத்தாலும் விற்க முடியாது. அதற்காகத்தான் துவைத்தேன். உன்னிடம் சொல்லிப் புரியவைத்துத் தடுக்கலாம் என்றால் எனக்கு இப்போது அவ்வளவு பேச மூச்சு இல்லை. ஆனால் துணி வீணாகவில்லை. மண் போனபின் அது இடைவெளியுள்ள மெல்லிய பருத்தி. தண்ணீரை உடனே இழுக்கும், காற்றுப் பட்டதும் சில்லிடும். காய்ச்சல்காரன் நெற்றியில் போட அதைவிட நல்ல துணி இல்லை. பாதியைப் பசறைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சப் பாதி கைத்துண்டு அளவில் கிழித்து இந்த வண்டியில் வருகிறது. உன் பக்கத்து லயங்களுக்குச் சும்மா கொடு. போனவனுக்கு என்று நீ வாங்கியது, இருக்கிறவனுக்குப் போகட்டும்.

கோடிக்கு நம் கடை லாங்கிளாத், கலப்பில்லாத பருத்தித் துணி, அனுப்பியிருக்கிறேன். உன் பொதியை எடுத்த கைக்கு இது லேசாகத்தான் இருக்கும், பளபளப்பும் குறைவு. இதென்ன சன்னமாக இருக்கிறதே என்று ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல துணி கடையில் இருக்கும்போது ஏழைபோலத்தான் இருக்கும். அதனால் துவைத்த துண்டுகளையும் கட்டி வைத்திருக்கிறேன், கல்லாவுக்குப் பின்னால் அல்ல, வாசலில், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியடித்து மாட்டு. வருகிறவள் தொட்டுப் பார்க்கட்டும். கம்பளிகளும் வருகின்றன, அவற்றை வெந்நீரில் போடாதே என்று வாங்குகிறவர்களிடம் சொல். சின்ன மூட்டையில் இருப்பது உன் அப்பாவின் பழைய வேட்டிகள். மருமகளுக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது. பிறந்த உடம்பில் புதுத்துணி உரசக்கூடாது. எத்தனையோ முறை துவைத்து நைந்த பருத்திதான் அதற்கு வேண்டும். அவர் பேரன் அதில் கிடக்கட்டும். நான் அந்த வேட்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

இன்னும் ஒன்று. என் தகரப்பெட்டியில் மேலாக ஒரு வெள்ளைச் சேலை இருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்துக் கைத்தறி. அதை நானே பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேப்பிலை வைத்து மடித்திருக்கிறேன். என் நேரம் வரும்போது மாமா மகன் கோடியோடு வருவான். அதை வேண்டாம் என்று சொல்லாதே. துவைத்தது கோடியாகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அவர்களோடும் வாதாடாதே. அவர்கள் கொண்டுவருவதை மேலே போர்த்தட்டும். என் உடம்பில் படுவது மட்டும் பெட்டியில் இருப்பதாக இருக்கட்டும். அது தண்ணீர் தாங்கும். நான் பார்த்துவிட்டேன்.

அம்மா